புதைபடிவங்களை அஞ்சலில் அனுப்புவது எப்படி? கல் உடையாமலும் சான்று தொலையாமலும் காக்கும் வழிமுறைகள்

பாலக்காடு: தமிழக எல்லையை ஒட்டிய வாளையார், கோபாலபுரம் முதல் குமுளி, போடிமெட்டு வரையிலான பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் காணப்படும் பாறைகள் பெரும்பாலும் கேம்பிரியன் காலத்துக்கும் முந்தையவை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி உருமாறிய நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகளே இங்கு மிகுதி. இத்தகைய பாறைகளில் புதைபடிவங்களுக்கு இடமில்லை. எனவே, இப்பகுதிகளில் ஒரு சேகரிப்பாளரின் அலமாரியில் அம்மோனைட்டோ, டிரைலோபைட்டோ, சுறாப் பல்லோ இருக்குமானால், அது வேறு ஊரிலிருந்து வந்ததாகவே இருக்கும். பெரும்பாலும் அஞ்சல் அல்லது கூரியர் வழியாகவே அது வந்து சேர்கிறது.

கல்பாத்தி உள்ளிட்ட பாலக்காட்டு அக்ரஹாரங்களில் தலைமுறை தலைமுறையாகப் பூஜிக்கப்படும் சாளக்கிராமங்களும் ஒரு வகையில் இதற்கு எடுத்துக்காட்டு. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் கிடைக்கும் இக்கருங்கற்களில் பல, ஜுராசிக் காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் புதைபடிவங்கள். அன்று யாத்திரிகர்களின் மடியில் வந்த கல், இன்று இணையவழியில் விலைக்கு வாங்கப்பட்டுப் பொட்டலமாகவும் வருகிறது.

விற்பனை, கொள்முதல், பண்டமாற்று என எந்த வகையில் கைமாறினாலும், பயணத்தின்போது புதைபடிவத்துக்கு இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று, பொருள் உடைவது. மற்றொன்று, அது எங்கே கிடைத்தது என்ற தகவல் தொலைவது. முதலாவதைப் பசையிட்டு ஓரளவு சரிசெய்யலாம். இரண்டாவதைச் சரிசெய்ய வழியே இல்லை.

லண்டன் சென்ற அரியலூர் கற்கள்

தென்னிந்தியப் புதைபடிவங்களின் நெடும்பயணம் 1840-களிலேயே தொடங்கிவிட்டது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் கே, கன்லிஃப் ஆகிய ஆங்கிலேயர்கள் திரட்டிய கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவற்றை ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், 1846-ஆம் ஆண்டு தமது அறிக்கையை வெளியிட்டார். பின்னர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஸ்டோலிக்ஸ்கா இப்பகுதிப் புதைபடிவங்களைப் பல தொகுதிகளில் விரிவாகப் பதிவு செய்தார். அரியலூர் வட்டாரம் உலகப் புகழ் பெற்றதற்கு இப்பணிகளே அடித்தளம். கற்களுடன் அவை கிடைத்த இடங்களின் பெயர்களும் பதிவானதால்தான் இது சாத்தியமாயிற்று.

இடப்பெயர் பொய்த்தால் என்ன நேரும் என்பதையும் இந்திய அறிவியல் உலகம் கண்டிருக்கிறது. இமயமலையில் கண்டெடுத்ததாகப் பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பதிவு செய்த புதைபடிவங்களில் சில, மொராக்கோவிலிருந்து வந்து பாரிஸ் கடைகளில் விற்கப்பட்டவற்றை ஒத்திருப்பதாக, ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் டேலன்ட் 1989-ஆம் ஆண்டு நேச்சர் இதழில் சுட்டிக்காட்டினார். அதன் விளைவாக, இமயமலைப் புவியியல் குறித்த பல ஆண்டுக் கட்டுரைகள் ஐயத்துக்குள்ளாயின.

பொதி கட்டும் முறை

அனுப்பும் முன் புதைபடிவத்தை நன்கு உலர்த்தி, எல்லாப் பக்கங்களிலிருந்தும் அளவுகோலுடன் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ள விரிசல்களையும், ஒட்டப்பட்ட பகுதிகளையும் குறித்து வைப்பது அவசியம். பின்னாளில் இழப்பீடு கோர நேர்ந்தால் இவையே ஆதாரம்.

முதல் உறையாக மென்மையான, அமிலமற்ற காகிதத்தைப் பயன்படுத்தலாம். ஒட்டுநாடாவைக் கல்லின் மீது நேரடியாக ஒட்டக் கூடாது; பிரிக்கும்போது மேற்பரப்பு பெயர்ந்து வரும். முட்கள், மெல்லிய நீட்சிகள் கொண்ட டிரைலோபைட் போன்றவற்றைப் பஞ்சில் பொதிவதும் தவறு. பஞ்சின் இழைகள் முட்களில் சிக்கி, எடுக்கும்போது அவற்றை முறித்துவிடும். இத்தகையவற்றுக்கு, அவற்றின் வடிவத்துக்கேற்ப வெட்டிய மென்மையான நுரைப் பஞ்சுப் படுக்கையே ஏற்றது.

அதன் மேல் பபுள் ரேப் சுற்றி, உறுதியான சிறு பெட்டியில் அசையாமல் வைக்க வேண்டும். அந்தப் பெட்டியை அதைவிடப் பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, ஆறு பக்கங்களிலும் குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, அந்த இடத்தைக் கசக்கிய காகிதம் அல்லது நுரைத் துண்டுகளால் நிரப்ப வேண்டும். இதுவே இரட்டைப் பெட்டி முறை. வெளிப்பெட்டி கீழே விழுந்தாலும் அதிர்ச்சியின் பெரும்பகுதியை இந்த இடைவெளி தாங்கிக்கொள்ளும்.

மூடிய பெட்டியைக் குலுக்கிப் பார்க்கும்போது உள்ளே எதுவும் நகரும் ஒலி கேட்கக் கூடாது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு முறை விழுவதைக் காட்டிலும், இத்தகைய மலைப்பாதையில் மணிக்கணக்கில் தொடரும் அதிர்வே தளர்வாகக் கட்டிய கல்லை அதிகம் தேய்க்கிறது. ‘உடையும் பொருள்’ என்று எழுதி ஒட்டுவது நல்லதே. ஆனால் அது பொதிக்கு மாற்றாகாது.

ஒரே பெட்டியில் பல கற்களை அனுப்பும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு பெட்டியில் இட வேண்டும். கனமான கல்லை அடியிலும் இலேசானதை மேலேயும் வைப்பது மட்டும் போதாது. பயணத்தில் பெட்டி தலைகீழாகவும் புரளும். தட்டையான பாறைப் பலகைகளுக்கு முன்னும் பின்னும் பிளைவுட் தாங்கல் தேவை.

ஈரப்பதம் என்னும் மறைமுக எதிரி

பைரைட் கனிமமாக மாறிய புதைபடிவங்கள் பொன்னிறத்தில் மின்னுவதால் சேகரிப்பாளர்களைக் கவர்கின்றன. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைக் கடந்தால் இக்கனிமம் ஆக்சிஜனுடன் வேகமாக வினைபுரிந்து, கந்தக அமிலத்தை உண்டாக்கி, கல்லையே பொடியாக்கும். அந்த அமிலம் உடனிருக்கும் பெயர்ச்சீட்டையும் அரித்துவிடும். தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை இடுக்கி மலைப்பகுதிக்கு இத்தகைய கற்களை வரவழைப்பதைத் தவிர்ப்பது நன்று. தவிர்க்க இயலாதபோது, காற்றுப் புகாத உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் அனுப்ப வேண்டும்.

பெயர்ச்சீட்டும் சுங்கப் படிவமும்

உயிரினத்தின் பெயர், கிடைத்த ஊர், பாறை அடுக்கு, காலம், சேகரித்த நாள் ஆகியவற்றை எழுதிய சீட்டைத் தனி நெகிழி உறையில் இட்டு, கல்லுடன் அதே உள்பெட்டியில் வைக்க வேண்டும். வெளிப்பெட்டியில் வைத்தால், பிரிக்கும் அவசரத்தில் காகிதக் குப்பையுடன் போய்விடக்கூடும். மொராக்கோ டிரைலோபைட்டுகள் என்ற பெயரில் பிசின் வார்ப்புகளும் சந்தையில் உலவுவதால், வாங்குவோர் பணம் செலுத்தும் முன் இவ்விவரங்களையும் தெளிவான புகைப்படங்களையும் கேட்டுப் பெறுவது பாதுகாப்பானது.

வெளிநாட்டிலிருந்து வரும் பொதியின் சுங்கப் படிவத்தில் பொருளின் தன்மை, பிறந்த நாடு, மதிப்பு ஆகியவை உண்மையாக இருக்க வேண்டும். தொல்லுயிரியல் சேகரிப்புப் பொருட்கள் பன்னாட்டுச் சுங்க வகைப்பாட்டில் 9705 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. வைக்கோல் போன்ற தாவரப் பொருட்களில் பொதிந்து அனுப்புவதற்கு இந்தியத் தாவரத் தனிமைப்படுத்தல் விதிகளில் கட்டுப்பாடு உண்டு. இறக்குமதி செய்யப்படும் மண்ணுக்கும் அனுமதி தேவை என்பதால், கல்லில் ஒட்டிய மண்ணை அனுப்புநரே நீக்கிவிட வேண்டும்.

பொய்யான படிவத்தின் விளைவுக்கு டார்போசாரஸ் வழக்கு சான்று. மங்கோலியாவைச் சேர்ந்த இந்த டைனோசரின் எலும்புக்கூடு, பிரிட்டனில் பிறந்தது, மதிப்பு 15 ஆயிரம் டாலர் எனக் குறிப்பிடப்பட்டு அமெரிக்காவுக்குள் கொண்டுவரப்பட்டது. 2012-ஆம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் அது 10 லட்சம் டாலருக்கும் அதிகமாக விலைபோனது. ஆனால், அமெரிக்க அரசு அதைப் பறிமுதல் செய்து, 2013-இல் மங்கோலியாவிடம் ஒப்படைத்தது. பிரேசிலில் 1942-ஆம் ஆண்டு முதலே புதைபடிவங்கள் அரசின் சொத்து. சீனாவும் அனுமதியின்றி அவற்றை வெளியே அனுப்பத் தடை விதித்துள்ளது. இந்நாடுகளிலிருந்து வாங்குவோர் ஏற்றுமதி அனுமதியின் நகலைக் கேட்பது இன்றியமையாதது.

இந்தியாவில், புதைபடிவங்களுக்கெனத் தனிச்சட்டம் இல்லாத நிலையில், புவிப் பாரம்பரிய இடங்களையும் புவிச் சின்னங்களையும் பாதுகாப்பதற்கான வரைவு மசோதாவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் வெளியிட்டது. அதில் புதைபடிவங்களும் இடம்பெற்றன. திருவக்கரை, சாத்தனூர் கல்மரங்கள் தேசியப் புவியியல் நினைவுச் சின்னங்கள் ஆகும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம், 1940-இல் எம்.எஸ்.கிருஷ்ணனால் உலகுக்கு அறிமுகமானது. இத்தகைய இடங்களிலிருந்து பெயர்த்தெடுத்த துண்டு எவ்வளவு கவனமாகப் பொதியப்பட்டிருந்தாலும், அதை வாங்குவது களவுக்குத் துணைபோவதாகும்.

வயலிலோ, ஓடையிலோ, சுரங்கத்திலோ புதிதாகப் புதைபடிவம் ஒன்று தென்பட்டால், அதைத் தோண்டியெடுத்து விற்பனைக்கு அனுப்புவதைத் தவிர்த்து, இருந்த இடத்திலேயே புகைப்படம் எடுத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ அருகிலுள்ள அருங்காட்சியகத்துக்கோ தெரிவிப்பதே முறையாகும்.