பிள்ளை சாட்சிக் கூண்டில் ஏறும்போது

கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்தில் ஒரு பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், அச்செய்தியை முதலிற் கேட்பவள் பெரும்பாலும் தாயோ பாட்டியோதான். “வெளியே சொல்லாதே, பேசித் தீர்த்துக்கொள்வோம்” என்று அறிவுரை பகர்வோர் எவ்வூரிலும் உளர். பாலியற் கொடுமை அவ்விதம் தீர்க்கத்தக்கதன்று. அது சட்டமா அதிபர் தொடுக்கும் வழக்கு. விட்டுக்கொடுக்கும் உரிமை பெற்றோருக்கே இல்லை.

நமது தண்டனைச் சட்டக் கோவையில் பெண்பிள்ளையின் சம்மத வயது 1995 வரை 12 ஆகவே இருந்தது என்றால் தாய்மார் வியப்படைவர். அவ்வாண்டின் 22ஆம் இலக்கச் சட்டமே அதனை 16 ஆக உயர்த்திற்று. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துதல் தனிக் குற்றமானதும் அச்சட்டத்தினாலேயே.

எனினும் தண்டனையைக் காட்டிலும் பெரிய வினா ஒன்றுண்டு. நடந்ததைப் பிள்ளை எத்தனை தடவை சொல்வது? பொலிசாரிடம் ஒரு முறை, சட்ட வைத்திய அதிகாரியிடம் ஒரு முறை, பின்னர் புத்தளத்திலோ சிலாபத்திலோ உள்ள மேல் நீதிமன்றத்தில், அந்நியர் நடுவே, மீண்டும் ஒரு முறை. இதனைக் குறைக்கவே 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவிற் பதிந்து சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது அது. ஆயினும் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வந்தே ஆகவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் பக்கத்தில் அது நியாயமே. ஆனால் ஆறு வயதில் நேர்ந்ததைப் பதினான்கு வயதில் வினவினால் எந்தப் பிள்ளைதான் தடுமாறாது?

இத்தகைய வழக்குகளுக்கு முன்னுரிமை அளிக்க வேண்டுமென 1998ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க நீதித்துறைத் திருத்தச் சட்டம் பணிக்கின்றது. இருந்தும் ஆண்டுகள் பல கடப்பது இந்நாட்டில் அரிதன்று. சட்டத்தின் குறையைவிட அதனை நடத்துவோரின் குறையே இதிற் பெரிதென்பது நம் கருத்து. வேறோரிடத்திலிருந்து ஒலி, ஒளி இணைப்பின் வழியே சாட்சியமளிக்க, 2015இல் தோன்றி 2023இல் புதிதாக இயற்றப்பட்ட சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கின்றது. அதைக் கேட்டுப் பெறலாம் என்பது கரையோரக் குடும்பங்களுள் எத்தனைக்குத் தெரியும்?

தாய்மார் செய்யத்தக்கவை சில. பிள்ளை சொன்னதைச் சொன்னவாறே நாளுடன் குறித்து வையுங்கள். உறவினர் ஒவ்வொருவர் முன்னும் மறுபடி சொல்லப் பணியாதீர்கள். பிள்ளையின் பெயரைப் பத்திரிகையில் வெளியிட்டு அடையாளங் காட்டுவதும் தண்டனைக்குரிய குற்றமே. அயலாரின் வாயைச் சட்டம் கட்டாது, அதை நீங்கள்தாம் கட்டவேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929, இரவிலும் அழைக்கலாம்.