இரைச்சலை அளக்கும் கருவி



மைசூரில் 1935-ஆம் ஆண்டு உளவியற் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கி, அதற்கு 'ஆகாசவாணி' எனப் பெயரிட்டார். இவ்வூரில் வாழும் தமிழராகிய நம்மில் பலர், இரவு வேளையில் திருச்சி நிலையத்தைத் தேடி வானொலியின் முள்ளைத் திருப்பியிருப்போம். அப்போது நிலையங்களுக்கு இடையே 'உஸ்' என்னும் இரைச்சல் எழும். நாம் வெறுத்த அவ்வொலிக்கும் ஒரு பயன் உண்டு. அடுத்த கணம் அது எவ்வாறு அமையும் என்பதை எவராலும் துல்லியமாக முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஊரிலுள்ள பெற்றோருக்குக் கைப்பேசி வழியே நாம் பணம் அனுப்பும்பொழுது, அதனைக் காக்கும் இரகசியச் சாவிகள் இத்தகைய ஊகிக்கவியலா எண்களினின்றே பிறக்கின்றன.

ஊகிக்க இயலாமையை அளப்பது எங்ஙனம்? 1948-இல் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் இதற்கு ஓர் அளவை வகுத்து, 'என்ட்ரோபி' என்றார். நடுநிலையான நாணயத்தை ஒருமுறை சுண்டினால் அதன் என்ட்ரோபி 1 பிட். பத்தில் ஒன்பது முறை தலையே விழும் நாணயமாயின் ஏறக்குறைய 0.47 பிட்டே. மொழிக்கும் இவ்வளவை பொருந்தும். 'ங்' என்பதை அடுத்து வருவது பெரும்பாலும் ககர வரிசையே அன்றோ? தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, தமிழ் உரைநடையின் என்ட்ரோபி பற்றி 1963-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

இன்று இக்கணக்கை நாமே செய்து பார்க்கலாம். ஜான் வாக்கர் இயற்றிய 'என்ட்' என்னும் சிறு நிரல் இதற்கு உதவும். கணினியின் கட்டளை வரியில் 'என்ட்' எனத் தட்டி, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைத் தந்தால் போதும். அது தரும் விடைகளுள் மூன்றை முதலில் நோக்குக. என்ட்ரோபி, பைட் ஒன்றுக்கு 8 பிட்டை ஒட்டியிருத்தல் வேண்டும், சராசரி 127.5-ஐ ஒட்டியிருத்தல் வேண்டும். அடுத்தடுத்த பைட்டுகளின் தொடர்பைக் காட்டும் எண் பூச்சியத்தை ஒட்டியிருத்தல் வேண்டும். வானொலி இரைச்சலைச் சோதிப்போர் அதனைச் சுருக்காத கோப்பாகவே பதிதல் நன்று. சுருக்கிய கோப்பு, பாட்டாயினும் பேச்சாயினும், 8-ஐ நெருங்கிய அளவு காட்டி நம்மை ஏமாற்றும்.

ஏமாற்றம் இத்துடன் நிற்பதில்லை. 0 முதல் 255 வரை வரிசையாக எழுதிய கோப்பின் என்ட்ரோபி சரியாக 8, சராசரியும் 127.5. ஆயினும் அடுத்த எண் யாதெனச் சிறு குழந்தையும் சொல்லும். இங்கே தொடர்பெண் 1-ஐ நெருங்கி உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. மூன்று எண்களும் காட்டிக்கொடாத பிழைகளும் உள. டெபியன் இயங்குதளத்தில் 2006-இல் நேர்ந்த ஒரு நிரல் திருத்தம் 2008 மே வரை கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால் ஒவ்வொரு வகைச் சாவிக்கும் ஏறக்குறைய 32,768 வடிவங்களே எஞ்சின. மேலோட்டத்தில் அவை ஒழுங்கற்றனவாகவே தோன்றின. ஆயினும் அனைத்தையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றாய்ப் பொருத்திப் பார்ப்பது கணினிக்கு எளிதாயிற்று.

ஆகவே இக்கருவியை உரைகல் எனக் கொள்வோம். உரைகல் மேற்பூச்சைக் காட்டும்; உள்ளிருப்பதைக் காட்டாது. குறைந்த அளவு கண்டால் அம்மூலத்தைத் தயங்காது தள்ளலாம். மிகுந்த அளவு கண்டாலோ, எண்கள் எங்கிருந்து பிறந்தன என்பதை வினவிய பின்னரே நம்புதல் வேண்டும்.