கருத்து பொது, எழுத்து உரியவருக்கு

இணையத்தில் ஒரு கட்டுரையைப் படிக்கிறீர்கள். அது எங்கோ உள்ள ஒரு கணினியிலிருந்து புறப்பட்டு, உங்கள் கைப்பேசியின் நினைவகத்தில் ஒரு படியாக வந்து சேர்ந்த பின்னரே திரையில் தோன்றுகிறது. எனவே, வலைப்பக்கத்தைப் பார்ப்பதே ஒரு வகையில் படியெடுப்பதுதான்! அப்படியானால் நாம் எல்லோரும் சட்டத்தை மீறுகிறோமா? இல்லை. செய்தி வந்து சேர்வதற்காக மட்டும் நிகழும் இத்தகைய தற்காலிகச் சேமிப்பு குற்றமன்று என்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாக்கியது.

ஆனால் அதே கட்டுரையை எடுத்துக் கல்லூரி மலரில் உங்கள் பெயரில் வெளியிட்டால்? அது வேறு செயல்.

பதிப்புரிமை எதைக் காக்கிறது? சர் சி.வி. இராமனை எடுத்துக்கொள்வோம். 1928இல் அவர் கண்டறிந்த இராமன் விளைவு அனைவருக்கும் பொது. அதைப் பற்றி யாரும் எழுதலாம், ஆய்வு செய்யலாம். ஆனால் அவர் தனித்து எழுதி, தம் வாழ்நாளில் வெளியிட்ட கட்டுரைகளின் சொற்கள் அப்படியல்ல. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். இராமன் மறைந்தது 1970இல். ஆகவே அக்கட்டுரைகளுக்கு 2030 முடிய உரிமை உண்டு. கருத்துக்கு உரிமையில்லை, அதை வெளியிட்ட வடிவத்துக்கே உரிமை என்பதை 1978இல் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் விளக்கியது.

வலைத்தளத்தில் உரிமைக் குறி இல்லையே என்று கேட்கலாம். குறியும் தேவையில்லை, பதிவும் தேவையில்லை. சொந்தமாக எழுதிய உடனேயே உரிமை பிறந்துவிடுகிறது. படத்துக்கும் ஒளிப்படத்துக்கும் இது பொருந்தும்.

‘எடுத்த இடத்தைக் குறிப்பிட்டால் போதாதா?’ நன்றி கூறுவது நல்ல பண்பு. ஆனால் நன்றி வேறு, அனுமதி வேறு. தமிழ் விக்கிப்பீடியா போன்றவை சில நிபந்தனைகளுடன் முன்னதாகவே அனுமதி அளித்துள்ளன. மற்றவர்களிடம் கேட்டுப் பெறவேண்டும். தெரிந்தே மீறினால், 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. வணிக ஆதாயம் இல்லாதபோது நீதிமன்றம் இதைக் குறைக்கலாம்.

மாணவர்கள் அஞ்சவேண்டியதில்லை. சொந்தப் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நியாயமான அளவில் படியெடுக்கலாம். விமரிசனத்துக்காகச் சில வரிகளை மேற்கோள் காட்டலாம். பாடநூல் பகுதிகளை வகுப்புக்காக ஒளிநகல் எடுத்தது பற்றிய வழக்கில், 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் கற்பித்தலுக்குச் சட்டம் தந்துள்ள விலக்கை ஏற்றது.

சட்டம் பிடிக்காத ஓர் ஆபத்தும் உண்டு. அப்படியே படியெடுக்கும்போது மூலத்திலுள்ள பிழையும் சேர்ந்தே வருகிறது. அலகு தவறியிருக்கலாம், ஒரு சுழி குறைந்திருக்கலாம். கை எழுதுகிறது, மனம் சரிபார்ப்பதில்லை. ஆகவே இரண்டு மூன்று இடங்களில் படியுங்கள். பிறகு பக்கத்தை மூடிவிட்டு, புரிந்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அங்கேதான் உங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. மீண்டும் படிக்கவேண்டிய இடம் அதுவே.