மெலிய வைக்கும் குளிசை: நம்ம கொழுந்தும் கொறக்காவும்



"கொழுப்பைக் கரைக்கும் குளிசை. பட்டினி வேண்டாம், ஒரே மாதத்தில் மெலியலாம்." இப்படியொரு விளம்பரம் இப்போது கைத்தொலைபேசியில் அடிக்கடி கண்ணில் படுகிறது. மலை வேலையை விட்டு ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போன பிள்ளைகள், கலியாணம் பேசி வைத்த பிள்ளைகள் இதை வாங்குகிறார்கள். சீனி வியாதியும் பிரஷரும் உள்ள பெரியவர்கள்கூட "நாமளும் போட்டுப் பாப்பமே" என்கிறார்கள். ஒரு போத்தல் வாங்கப் பல நாள் பேர் போட வேண்டும். ஆகவே அதற்குள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

போத்தலைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசியுங்கள். பல போத்தல்களில் முக்கியமாக இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று பச்சைத் தேயிலைச் சாரம், மற்றது கார்சீனியா கம்போஜியா. பெயரைக் கண்டு மலைக்க வேண்டாம். முதலாவது நீங்கள் தினமும் கூடையில் போடுகிற அதே கொழுந்துதான். இரண்டாவது கொறக்கா. வத்தேகம சந்தையில் வாங்கி மீன் கறிக்குப் போடுகிறோமே, அந்தக் கறுத்த புளிதான்!

கொறக்காவின் புளிப்புக்குக் காரணம் ஹைட்ரொக்ஸி சிட்ரிக் அமிலம் என்று 1965இல் கண்டறிந்து வெளியிட்டவர்கள் லூயிஸ், நீலகண்டன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள். மாச்சத்தையும் சீனியையும் உடம்பு கொழுப்பாக மாற்றும்போது ஒரு நொதி வேலை செய்கிறது. இந்த அமிலம் அந்த நொதியைத் தடுக்கிறது. எலிகளுக்குக் கொடுத்தபோது பசியும் குறைந்தது, எடையும் குறைந்தது. வியாபாரம் அதிலிருந்துதான் பிறந்தது. ஆனால் மனுஷன் எலி அல்லவே. நம் உடம்பில் சேரும் கொழுப்பில் பெரும் பங்கு சாப்பாட்டில் இருக்கும் எண்ணெய், தேங்காய், இறைச்சி ஆகியவற்றிலிருந்து நேராக வருகிறது. மாச்சத்திலிருந்து புதிதாகச் செய்யப்படுவது கொஞ்சம்தான்.

1998இல் அமெரிக்காவில் இதை மனிதரிடம் ஒழுங்காகச் சோதித்தார்கள். உடல் பருத்த 135 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொறக்கா அமிலம் நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம், மற்றப் பாதிக்கு மருந்தே இல்லாத வெறுங்குளிசை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. இரு பகுதியாருக்கும் ஒரே மாதிரியான குறைந்த சாப்பாடு. 12 வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தால், கொறக்கா எடுத்தவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெறுங்குளிசைக்காரர்கள் 4.1 கிலோ! எடையைக் குறைத்தது சாப்பாடுதான் என்று இதிலிருந்து விளங்குகிறது.

பச்சைத் தேயிலைக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். பல ஆய்வுகளைத் திரட்டி 2012இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆறு ஆய்வுகளில் கிடைத்த வித்தியாசம் 0.04 கிலோ. அதாவது 40 கிராம். கொழுந்துக் கூடையை நிறுக்கும்போது அதை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், காசுதானே நட்டம் என்று விட்டுவிடலாமா? முடியாது. ஈரலுக்குக் கேடு இருக்கிறது. தேயிலையில் ஈ.ஜி.சி.ஜி. என்றொரு பொருள் உண்டு. பச்சைத் தேத்தண்ணி குடிப்பவர்களுக்கு அது நாளுக்குச் சராசரி 90 முதல் 300 மில்லிகிராம் வரை சேரும். அதில் பொதுவாகப் பயமில்லை. குளிசையில் அதையே காய்ச்சிச் சாரமாக்கி, சிலவற்றில் நாளுக்கு 1000 மில்லிகிராம் வரை அடைத்திருக்கிறார்கள். 800க்கு மேல் போனால் ஈரல் பாதிப்பின் அறிகுறிகள் தோன்றலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018இல் சொன்னது. அமெரிக்காவில் 2004 தொடக்கம் 2018 வரை ஈரல் கெட்டவர்களை ஆராய்ந்தபோது, கொறக்காக் குளிசையோடு தொடர்புபட்டவர்கள் 22 பேர். அவர்களில் 16 பேர் பச்சைத் தேயிலையும் சேர்ந்த குளிசை எடுத்தவர்கள். ஹைட்ரொக்ஸிகட் என்ற பேர்பெற்ற சாமான் பற்றி 23 முறைப்பாடுகளும் ஒரு மரணமும் பதிவாகி, 2009 மே மாதத்தில் அது சந்தையிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டது.

இதற்காகக் கொறக்காப் போட்ட கறியைச் சாப்பிடப் பயப்பட வேண்டியதில்லை. சட்டியில் இரண்டு துண்டு போடுவது வேறு, சாரத்தை மாதக்கணக்காக விழுங்குவது வேறு.

இன்னொன்று, லேபிளில் எழுதாத சரக்கு. சிபுட்ரமின் என்ற மெலிவு மருந்து மாரடைப்பு, பாரிசவாத ஆபத்துக் காரணமாக 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் "முழுக்க மூலிகை" என்று விற்ற குளிசைகளுக்குள் அதை ஒளித்து வைத்திருந்தது பலமுறை பிடிபட்டது. "மூலிகை தானே, என்ன செய்யும்" என்பவர்கள் இதை யோசிக்கட்டும். குளிசை போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தால் அதைக் "கொழுப்பு எரியுது" என்று நினைக்காதீர்கள். கபேன் அதிகமாக இருந்தாலும் அப்படித்தான் அடிக்கும். பிரஷர்காரருக்கு அது கூடவே கூடாது.

எடை உண்மையிலேயே கூடிவிட்டதென்றால் முதலில் தேத்தண்ணிச் சீனியைக் கணக்குப் பாருங்கள். நாளுக்கு ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் பன்னிரண்டு கரண்டி சீனி! வாரத்துக்கு ஒரு கரண்டியாகக் குறைத்து வரலாம், நாக்கு பழகிவிடும். 35 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் எடை, பிரஷர், சீனி மூன்றையும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே இந்தக் குளிசை எடுத்து வருபவர்களுக்குக் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் போனாலோ, ஓங்காளமும் அசதியும் விடாமல் இருந்தாலோ, உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். போத்தலையும் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.