சட்டைப் பையில் ஒரு கடிதம்!

துப்பறியும் கதைகளில் கொலையாளி கடைசிப் பக்கத்தில்தான் அகப்படுவான். நம் பக்கத்தில் நடந்த ஓர் உண்மைக் கதையில், சுட்டவர் முதல் பக்கத்திலேயே அகப்பட்டுவிட்டார். ஆனால், பிணமாக!

இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட ரயிலில் வருகிறவர்கள் சாத்தூரில் இறங்குவார்கள். அதே பாதையில் தெற்கே போனால், கோவில்பட்டி, கடம்பூர் தாண்டி மணியாச்சி வரும். கதை நடந்த இடம் அதுதான்.

ரயில் பெட்டியில் வேட்டுச் சத்தம்

1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி. காலை பத்தரை மணி தாண்டியிருந்தது. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியுடன் உட்கார்ந்திருந்தார். கொடைக்கானலுக்குப் பயணம்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கைத்துப்பாக்கியால் ஆஷைச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்தார். தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். வயது 25. கூட வந்தவர் தப்பிவிட்டார்.

வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியவர்களில் ஆஷும் ஒருவர் என்று பலர் கொதித்திருந்த காலம் அது.

ஏவியது யார்?

சுட்டவர் யார் என்பது தெரிந்துவிட்டது. பின்னால் இருந்தது யார்? செத்தவர் எப்படிச் சொல்வார்?

அவர் சட்டைப் பையில் இருந்த கடிதம் பேசியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைக் கொல்ல 3,000 பேர் சபதம் செய்திருப்பதாக அதில் எழுதியிருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடிப்போனார்கள்!

போலீசார் வாஞ்சிநாதன் வீட்டைச் சோதனை போட்டார்கள். அங்கே கிடைத்த கடிதங்கள் ஓட்டப்பிடாரத்துக்கு வழி காட்டின. அந்த ஊர் ஆறுமுகம் பிள்ளை அப்ரூவர் ஆனார். ரகசியச் சங்கத்தைப் பற்றியும், அதில் சேர்ந்தவர்கள் செய்த ரத்தச் சபதத்தைப் பற்றியும் சொன்னார்.

14 பேர் மீது வழக்கு நடந்தது. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. கொலை நடந்த அன்று அவர் மணியாச்சியிலேயே இல்லை! ஆனாலும், சதி செய்ததாக 1912-ல் சென்னை ஐகோர்ட்டு அவருக்கு 7 ஆண்டு கடுங்காவல் விதித்தது.

முடியாத வழக்கு

கோர்ட்டில் வழக்கு முடிந்தது. மக்களிடம் முடியவில்லை. வாஞ்சிநாதனைத் தூண்டியது நாட்டுப் பற்றா, மதப் பற்றா என்று அதே கடிதத்தை வைத்து இன்றும் வாதாடுகிறார்கள்.

ஒரே நாளில் இரண்டு பெண்கள் விதவை ஆனார்கள். ஒருவர் ஆஷின் மனைவி. மற்றவர் வாஞ்சிநாதனின் மனைவி பொன்னம்மாள்.

அந்த நிலையத்தின் இன்றைய பெயர் 'வாஞ்சி மணியாச்சி'. ரயில் அங்கே நிற்கும்போது பெயர்ப் பலகையைக் குழந்தைகளைப் படிக்கச் சொல்லுங்கள். "வாஞ்சி யார்?" என்று கேட்பார்கள். கதை முழுவதையும் சொல்லுங்கள்.