பயணப் படம் எடுக்கக் கற்றேன்

ஊர் சுற்றுவதைப் படமெடுக்க வகுப்பு வேறு வேண்டுமா என்று வீட்டில் கேலி செய்தார்கள். நம் ஏ.கே. செட்டியாரே ஜப்பானிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலையை முறையாகப் பயின்றவர்தானே! அதன் பிறகுதான் உலகெங்கும் அலைந்து படச்சுருள்களைத் திரட்டி, காந்தியடிகளின் ஆவணப்படத்தை 1940-இல் வெளியிட்டார். அதைச் சொல்லிவிட்டு, ஹைதராபாதில் நடந்த இரண்டு நாள் வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் நாள் சார்மினார். எந்த இடத்தையும் தூரத்திலிருந்து ஒரு முறை, நெருங்கி ஒரு முறை, மிக நெருங்கி ஒரு முறை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி, கை அசையாமல். லாட் பஜாரில் அரக்கு வளையலில் கல் பதிக்கும் விரல்களை எடுத்தேன். சார்மினாரைவிட அதுவே நன்றாக வந்தது.

மறுநாள் கோல்கொண்டா. வாசல் குவிமாடத்தின் கீழே கைதட்டினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி, உச்சியிலுள்ள பாலா ஹிஸாரில் கேட்கும். செல்போனுக்கு அந்தக் காது கிடையாது. பேசுபவரின் அருகே மைக் இருந்தால்தான் பேச்சு தெளியும். இல்லாவிட்டால் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும்.

நம் பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் கேட்டு வளர்கிறார்கள். பாட்டியின் ஊர்த் தமிழ் அவர்களுக்கு விடுமுறையில் மட்டுமே கிடைக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால் கோபுரத்தை எடுப்பதற்கு முன் பாட்டியைப் பேசவிட்டு எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவையுங்கள். பேச்சு முடிந்ததும் உடனே நிறுத்தாதீர்கள்; இன்னும் பத்து விநாடி ஓடட்டும்.