நாள் குறிப்பதா, நாற்று நடுவதா?

வாசலுக்குப் பூச்செடி வாங்க வேண்டுமென்றால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலரும் சுங்கை பூலோவுக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். அங்கே வரிசையாக இருக்கும் செடிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. கடைசிக் காலத்தைப் பற்றிக் கவலைப்படும் கிறிஸ்துவர்கள் அதை அறிந்துகொள்வது நல்லது.

1930-ல் இங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் கண்டவர்களைச் சட்டமே குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து சேர்த்தது. அங்கே பிறந்த குழந்தைகளும் பெற்றோரிடம் விடப்படவில்லை. உள்ளே வந்தவர்களுக்கு உலகம் அன்றே முடிந்துபோனது போலத்தான். ஆனால் அவர்கள் முடங்கிவிடவில்லை. மண்ணைக் கொத்தினார்கள், செடி வளர்த்தார்கள், விற்றார்கள். குணமான பிறகும் வெளியே வரவேற்பில்லாத பலருக்கு அந்தத் தோட்டமே சோறு போட்டது.

வேதாகமத்தில் இதற்கு நெருங்கிய ஓர் இடம் உண்டு. பாபிலோனுக்குச் சிறைபிடித்துச் செல்லப்பட்டவர்கள் விடுதலை நாளை எதிர்பார்த்துத் தவித்தபோது, எரேமியா தீர்க்கதரிசி கடிதம் எழுதினார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கும் ஊரின் நலனுக்காக ஜெபியுங்கள் என்பதே அதன் சாரம் (எரேமியா 29). விடுதலை வரும் என்ற வாக்கும் அதே கடிதத்தில் இருக்கிறது. நம்பிக்கையும் உழைப்பும் அங்கே ஒன்றுக்கொன்று எதிரியல்ல.

தேதி சொன்னவர்கள்

அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று காத்திருந்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. ஹரோல்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அதை நம்பித் தம் சேமிப்பை விளம்பரத்தில் கொட்டியவர்கள் இருந்தார்கள். நாள் கடந்தது. மறு ஆண்டு, தேதி குறித்தது பாவம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று இயேசு தெளிவாகச் சொல்லியிருக்கிறார் (மத்தேயு 24). தெசலோனிக்கே சபையில் சிலர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றித் திரிந்தபோது, அமைதியாக உழைத்துச் சாப்பிடும்படி பவுல் கண்டித்தார். வருகையைப் பற்றி அதிகம் பேசும் நிருபங்களில்தான் இந்தக் கண்டிப்பும் இருக்கிறது.

கடைசிக் கேள்வி

இதனால் தீர்க்கதரிசனத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல. இயேசு மீண்டும் வருவார் என்பது கிறிஸ்துவ விசுவாசத்தின் அடித்தளம். ஆனால் மத்தேயு 24-ல் தொடங்கும் அந்தப் போதனை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பசித்தவனுக்கு உணவு கொடுத்தாயா, நோயாளியை விசாரித்தாயா என்பதில் முடிகிறது. தேதியைச் சரியாகக் கணித்தாயா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

2020-ல் கோவிட் பரவியபோது, இதுதான் முடிவு என்ற பேச்சு புலனத்தில் சுற்றியது. அதே நாள்களில் சுங்கை பூலோ மருத்துவமனையில் தாதியர் கவச உடைக்குள் வியர்த்தபடி நோயாளிகளைக் கவனித்தார்கள். விழித்திருத்தல் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

அடுத்த முறை யாராவது தேதியோடு செய்தி அனுப்பினால் பயப்பட வேண்டாம், பிறருக்கு அனுப்பவும் வேண்டாம். பிள்ளையின் படிப்பை நிறுத்த வேண்டாம். வாங்கிய கடனைக் கட்டுங்கள். பேசாமல் இருக்கும் உறவினரை இன்றே அழைத்துப் பேசுங்கள். எஜமான் எந்த நேரத்தில் வந்தாலும், வேலையில் இருக்கும் ஊழியனுக்கு அச்சமில்லை.